பின்பாக்கெட்டைத் தட்டும் நடை

மார்ச் 3

அன்புத் தங்கச்சிக்கு அண்ணன் எழுதிக்கிறது. இங்க எல்லாரும் சௌக்கியம். டயர் கடையில கம்ப்ரஸர் ஒண்ணுதான் இருமிக்கிட்டே கெடக்கு.

அதச் சொல்ல வந்தா வேற ஒண்ணு ஞாபகம் வருது. போன வாரம் ஒரு வேன்காரன் பஞ்சருக்கு வந்தான். ஆளு வாட்டசாட்டம், குரல் மட்டும் பூனைக்குட்டி. நான் டியூப்ப தண்ணியில முக்கிக்கிட்டு இருக்கேன், அவன் ஓரமா ஒக்காந்து செல்போன் கேம்ல பேயச் சுட்டுக்கிட்டு இருக்கான். திடீர்னு சிரிக்கிறான். "அண்ணே, இங்க பாருங்க, இந்தப் பேய் உங்களாட்டமே நடக்குது."

பாத்தேன். ஜாக்கி நழுவி கால் நசுங்கினதுல இருந்து நான் எப்படி இழுத்து நடக்கிறேனோ, அதே இழுப்பு. நொண்டுறவன் எல்லாம் அப்படித்தான்னு விட்டுடலாம். ஆனா நாலு எட்டு வெக்கிறதுக்குள்ள அது கையப் பின்னாடி கொண்டுபோய்த் தட்டிப் பாக்குது. ஸ்பேனர் விழுந்துடுச்சான்னு நான் பாக்கெட்டத் தட்டிப் பாப்பேனே, அது. பேய்க்கு பேன்ட்டே இல்லம்மா, வெறும் எலும்பு. அது எந்த ஸ்பேனரத் தேடுது?

உங்க ஆராய்ச்சிக் கூடத்துல எனக்குக் கறுப்பா ஒரு இறுக்கச் சட்டைய மாட்டி, மேலெல்லாம் வெள்ளக் குண்டு ஒட்டி நடக்க விட்டியே, அதுதானே இது? அன்னைக்கு உங்க புரொபசர் "யாரு இவரு"ன்னு கேட்டப்ப, "கூலிக்கு வந்த ஆள்"னு சொன்ன. அதுல எனக்கு ஒண்ணும் இல்ல. நானும் "வரேன் மேடம்"னுதான் கெளம்பினேன்.

ஆனா இப்ப எதிர்சாரிக் கொழாய்க்குத் தண்ணி புடிக்க நடந்து போகவே கூச்சமா இருக்கு. தெருவுல "பேயண்ணே"ன்னு பேரு வெச்சுட்டானுக. விருது விழாவுக்கு வரச் சொன்னியே, என்ன விட்டுடும்மா.

அண்ணன்

மார்ச் 11

அண்ணனுக்கு,

ஆமா, அது நீதான். கம்ப்யூட்டர்ல வரையிற உருவங்கள மனுஷன் மாதிரி நடக்க வெக்கிறதுதான் என் ஆராய்ச்சி. அன்னைக்குப் பதிவு பண்ணின உன் நடைய யார் வேணா எடுத்துக்கலாம்னு நெட்ல இலவசமா வெச்சேன். எடுக்கிறவங்க எதாவது எழுதினா, என் கட்டுரையக் குறிப்பிடணும். அப்படிக் குறிப்பிட்டது ஆயிரக்கணக்குல போயிடுச்சு. எங்க தொழில்ல அதுதான் மதிப்பு, இந்த விருதும் அதுக்குத்தான். பேய்க்குப் போடுவாங்கன்னு நினைக்கல.

நீ வரணும். கடைசி வரிசையில எடம் சொல்லி வெச்சிருக்கேன். ஒண்ணே ஒண்ணு. கட்டுரையில, நடந்து காட்டினவங்க பட்டியல்ல உன்ன "நான்காம் ஆள், உறவினர் அல்லர்"னு எழுதியிருக்கேன். சொந்தம்னா முன்கூட்டியே சொல்லியிருக்கணும்னு விதி. இப்ப தெரிஞ்சா விருதே போயிடும். யாராவது கேட்டா பழையபடியே சொல்லிடு.

தங்கச்சி

ஏப்ரல் 2

அன்புத் தங்கச்சிக்கு,

விழாவுல இருந்து சொல்லாம கொள்ளாம கெளம்பினதுக்குக் கோவிச்சுக்காத. வர்ற வழியிலயே பஸ்ஸு பஞ்சர். டிரைவர் ஸ்டெப்னி மாட்டுற லட்சணத்தப் பாக்க முடியாம நானே எறங்கி மாட்டினேன். சட்டையில கறை அதான், லேட்டும் அதான். பின்கதவச் சாத்திட்டாங்க, வாட்ச்மேன் மேடைப்பக்கமா உள்ள விட்டான்.

கடைசி வரிசைக்கு நடக்கிறேன், மண்டபமே திரும்பிப் பாக்குது. கண்ணாடிக்காரர் ஒருத்தர் பக்கத்து ஆள முழங்கையால இடிக்கிறாரு. நான் பழக்க தோஷத்துல பின்பாக்கெட்டத் தட்டினேன் பாரு, ஒருத்தன் எழுந்தான். அப்புறம் வரிசை வரிசையா எழுந்து கை தட்டுறாங்க. வேன்காரன் சிரிச்ச மாதிரி இல்ல அது. ஒரு பொண்ணு சொல்லுச்சு, "உங்க நடைய வெச்சுத்தான் நாங்க எல்லாரும் வேல பாக்குறோம், உங்க முட்டி எப்ப மடங்கும்னு எனக்குத் தூக்கத்துலகூடத் தெரியும் சார்." என் பொண்டாட்டிக்கே தெரியாது.

தாடிக்காரர் ஒருத்தர் உன்னப் பாத்து மைக்குல கேட்டாரு, "யாரு இவரு?" உன் மொகத்தப் பாத்தேன். சின்னதுல பாலக் கொட்டிட்டு நிப்பியே, அதே மொகம். அதான் "கூலிக்கு வந்தவன் சார்"னு சொல்லிட்டு வந்துட்டேன். நீ எழுதினபடிதானே சொன்னேன், சரிதானே?

கொழாய்க்கு இப்ப நானே போறேன்.

அண்ணன்

ஏப்ரல் 9

அண்ணா,

நான் வாயத் தெறக்கிறதுக்குள்ள நீ முந்திக்கிட்டேன்னு சொல்லிக்கலாம். நெஜம் அது இல்ல. நீ சொல்லிடுவேன்னுதான் காத்துக்கிட்டு நின்னேன். சொன்னதும் எனக்கு மூச்சு வந்துச்சு. அந்த மூச்ச நெனச்சா கண்ணாடியப் பாக்க முடியல.

ஆராய்ச்சிக் கூடத்துல உன்னக் கூலிக்கு வந்த ஆள்னு சொன்ன அன்னைக்கும் விதி எல்லாம் ஞாபகத்துலயே இல்ல. உன் நகத்துல கிரீஸ் இருந்துச்சு, புரொபசர் அதப் பாத்துட்டாரு. அவ்வளவுதான்.

இன்னைக்குத் திருத்தம் எழுதி அனுப்பிட்டேன், விருதுக்காரங்களுக்கும் சேத்து. திருப்பிக் கேட்டா குடுத்துடுவேன். ஒரே வரிதான்: நான்காம் ஆள் என் அண்ணன், டயர் கடை வைத்திருக்கிறார்.

ஞாயித்துக்கெழம கடைக்கு வரேன். வேன்காரன் இருந்தா இருக்கட்டும். "யாரு இவங்க"ன்னு அவன் கேட்டா, என்ன சொல்றதுன்னு நீயே முடிவு பண்ணிக்கோ.

தங்கச்சி