நீ மாற்றிய இணைப்பு

திருத்திய விபத்து அறிக்கை இன்று காலை வந்தது. பிரின்டரிலிருந்து எடுத்தபோது தாள் இன்னும் சூடாக இருந்தது. இரண்டாம் பக்கத்தில் உன் பெயரைப் பார்த்ததும் அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. நீ இறந்துபோய் ஏழு மாதமாகிவிட்டது. இருந்தாலும் உன்னை எதிரே உட்கார வைத்துத் திட்ட வேண்டும் போலிருக்கிறது. அதற்காகத்தான் எழுதுகிறேன்.

அந்த நீராவிக் குழாயை மறந்திருக்க மாட்டாய். பெரிய குழாயில் துளை போட்டு, சின்னக் குழாயை நேரடியாகப் பற்றவைக்கும் இடம். டிராயிங்கில் இருந்தபடியே அதைக் கணினி மாடலில் போட்டாய். எங்கே எவ்வளவு அழுத்தம் என்று நிறத்தில் காட்டும் ஸ்ட்ரெஸ் படத்தில் குழாய் முழுக்க நீலமும் பச்சையுமாக ஓட, அந்த ஒரு மூட்டு மட்டும் சிவந்து நின்றது. என் நாற்காலியைப் பிடித்து இழுத்தாய்.

"இங்க பாருடி. சூட்டுல குழாய் நீளுறதெல்லாம் இந்த மூட்டுலதான் வந்து இழுக்கறது. சுத்தி ஒரு இரும்புத் தகட்டுப் பேட் வச்சு வெல்டு பண்ணலைன்னா தாங்காது."

நிறத்தைப் பார்த்து நான் பதறியதும், "கலர் நாம வச்ச அளவுல வர்றதுடி, நம்பரைப் பாரு" என்றாய். நம்பரும் மோசமாகத்தான் இருந்தது. தாங்கக்கூடிய அளவைப் போல ஒன்றரை மடங்கு.

மேலாளர் வந்து குனிந்து பார்த்தார். "பேட் போடணும்னா டிராயிங் திரும்பப் போகணும்மா, கிளையண்ட் ஒத்துக்க மாட்டாங்க. வெல்டிங் டீன்னு மாத்தி ரன் பண்ணுங்க. மிச்சத்த சைட்ல பாத்துக்குவாங்க."

வெல்டிங் டீ என்பது தொழிற்சாலையிலிருந்து ஒரே துண்டாக வரும் கனமான இணைப்பு. அந்த இடத்தில் அது இல்லை, வரப்போவதும் இல்லை. ஆனால் பட்டியலில் ஒரு சொல்லை மாற்றினால் போதும், மென்பொருள் நம்பிவிடும்.

"சார், அது பொய்யாயிடும் சார்" என்றாய்.

"நாளைக்கு ரிப்போர்ட் போகணும்மா."

அவர் போன பிறகு கொஞ்ச நேரம் மவுஸைத் தொடாமல் உட்கார்ந்திருந்தாய். பிறகு மாற்றினாய். மூட்டு பச்சையானது. தயாரித்தவர் என்ற இடத்தில் நீ கையெழுத்திட்டாய், சரிபார்த்தவர் என்ற இடத்தில் நான்.

ஏன் மாற்றினாய்? அந்தப் படத்தை உன்னைப் போலப் படிக்கத் தெரிந்தவர் நம் அலுவலகத்தில் வேறு யார்? ஒரு மெயில், ஒரே ஒரு வரி போட்டிருக்கலாமே. அன்றைக்குச் சத்திரம் பஸ் ஸ்டாண்டிலிருந்து பஸ் ஏறி, திருவானைக்கோவிலில் நான் இறங்கும்வரை ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாய். "விடுடி, சைட்ல எப்படியும் பேட் போட்டுடுவா" என்றாய். நானும் விட்டேன்.

யாரும் போடவில்லை. நீ காய்ச்சலில் விழுந்து இரண்டே வாரத்தில் போய்விட்டாய். அதற்கு நாலு மாதம் கழித்து கிளையண்டின் ஆலையில் அந்த மூட்டு வெடித்தது. பக்கத்தில் வால்வைத் திருப்பிக்கொண்டிருந்த ஆபரேட்டருக்கு வலது கை முழங்கை வரை வெந்துபோனது.

மேலாளர் எழுதிய முதல் அறிக்கையில், மாடல் தயாரித்தவரின் தவறு என்று உன் பெயர் மட்டும் இருந்தது. என்னை அறைக்குக் கூப்பிட்டார். "அவங்கதான் இல்லையேம்மா, இனிமே யாரு அவங்கள என்ன பண்ணப் போறாங்க? உங்க பேரு வராம நான் பாத்துக்கறேன்." எனக்கு ஏதோ உபகாரம் செய்வதுபோலச் சொன்னார். உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. எழுந்து என் கணினிக்கு வந்தேன்.

நீ முதலில் ஓட்டிய மாடல் சர்வரில் அப்படியே இருந்தது. அதையும் மாற்றியதையும் பிரின்ட் எடுத்தேன். மாற்றச் சொன்னது யார், மாற்றியது யார், தெரிந்தே கையெழுத்திட்டது யார் என்று ஒரு பக்கம் எழுதி, விசாரணைக்கு வந்திருந்த கிளையண்ட் ஆட்களிடம் நேராகக் கொடுத்தேன். மேலாளர் என்னோடு பேசுவதை அன்றோடு நிறுத்திவிட்டார். வேறு வேலை தேடிக்கொண்டிருக்கிறேன். திருத்திய அறிக்கையில் இப்போது மூன்று பெயர்கள் இருக்கின்றன. உன் பெயரை எடுக்கச் சொல்லி நான் கேட்கவில்லை. கோபமென்றால் கோபித்துக்கொள்.

மாலையில் ஸ்ரீரங்கம் போய் உன் அம்மாவைப் பார்த்தேன். முதல் அறிக்கையைப் பற்றி யாரோ ஏற்கெனவே சொல்லியிருந்தார்கள்.

"எம் பொண்ணு தப்பாக் கணக்குப் போட்டுட்டாளாமே, நெஜமா?"

"கணக்கு சரியாத்தான் போட்டா மாமி. அப்புறம் எங்க மேனேஜர் சொன்னார்னு மாத்திட்டா. தெரிஞ்சேதான் நானும் கையெழுத்துப் போட்டேன்."

மாமி கேட்டார். "கை வெந்துபோச்சே, அவருக்கு இப்போ எப்படி இருக்கு?"

எனக்குத் தெரியவில்லை. மூன்று மாதமாக மேலாளர்மேல் கோபம், உன்மேல் கோபம், என்மேல் கோபம். அந்த மனிதரின் பெயரைக்கூட நான் கேட்கவில்லை.

உன்மேலுள்ள கோபம் தீரவில்லை. இப்போதெல்லாம் கையெழுத்திடும் முன் சைட்டுக்குப் போன் போட்டு, "அங்க நெஜமா என்னதான் வெல்டு பண்ணியிருக்கீங்க?" என்று என்னைக் கேட்க வைப்பது அந்தக் கோபம்தான். நாளைக்கு அந்த ஆபரேட்டரின் விலாசம் விசாரித்து அவர் வீட்டுக்குப் போகிறேன். உன் பெயரையும் என் பெயரையும் அவரிடம் நானே சொல்கிறேன்.