வேட்டியும் ரவிக்கைத் துணியும்

9.10.2024, புதன்

மழை. புது அறையின் செங்கல் சுவர் நனைந்து நிற்கிறது. வேலைக்கு யாரும் வரவில்லை. பலா மரத்தடிக்குப் போனால்தான் சிக்னல் கிடைக்கும் என்று குடையோடு போய் நின்று மெயில் பார்த்தேன். பார்க்காமலே இருந்திருக்கலாம்.

லண்டன் பதிப்பாசிரியர் என் மொழிபெயர்ப்பு முழுவதையும் திருத்தி அனுப்பியிருக்கிறார். ரஷ்யக் கைவினைகளைப் பற்றிய புத்தகம். ஒன்றரை வருடம் உட்கார்ந்து நான் ஆங்கிலத்தில் பெயர்த்தது. மரம் செதுக்குகிறவன், மணி வார்க்கிறவன், பெட்டிக்கு வண்ணம் தீட்டுகிறவன் எல்லாரும் ரஷ்ய மொழியில் ‘மாஸ்தெர்’. ஆங்கிலத்தில் ‘மாஸ்டர்’ என்று போட்டேன். அதில் அவர் கை வைக்கவில்லை. லேஸ் பின்னுகிற பெண்களை அதே நூல் ‘மாஸ்தெரீத்சா’ என்கிறது. அதே மரியாதை, பெண்ணுக்கு. அவர்களையும் ‘மாஸ்டர்’ என்றேன். நாற்பத்தோரு இடம். அத்தனையிலும் அடித்துவிட்டு ‘ஊசி வேலை செய்யும் கிராமத்துப் பெண்கள்’ என்று மாற்றி வைத்திருக்கிறார்.

அந்த லேஸை ஊசியால் பின்னுவதே இல்லை. சின்னச் சின்ன மரக்கட்டைகளில் நூலைச் சுற்றி, மாற்றி மாற்றிப் போட்டுப் பின்னுவது. அதையாவது படித்தாரா அந்த மகானுபாவர்?

10.10.2024

காரணமும் சொல்லியிருக்கிறார். ‘வாசகருக்கு இயல்பாக இருக்காது.’ எந்த வாசகருக்கு?

14.10.2024, திங்கள்

வெயில் வந்தது. கொத்தனார் சின்னானும், சித்தாளாக அவர் மனைவி மயிலம்மாளும் வந்தார்கள். மலையடிவாரத்தில் புளியஞ்சோலைப் பக்கத்து ஆட்கள். இங்கே மலைமேல் செம்மேட்டில் அறை எடுத்துத் தங்கி வேலை செய்கிறார்கள்.

கோபம் இன்னும் ஆறவில்லை. என் வீட்டுக்காரர் சோற்றைப் பிசைந்துகொண்டே, “ஒரு வார்த்தைக்குப் போயி இத்தனை கோவமா? விடு தேனு” என்றார்.

“உங்க தோட்டத்து மிளகை எவனாச்சும் ரெண்டாம் தரம்னு எழுதிப் போட்டா சும்மா இருப்பீங்களா?” என்று கேட்டேன். ரசத்தை மட்டும் இரண்டு தரம் கேட்டு வாங்கினார்.

மதியம் பதிப்பாசிரியருக்கு எழுதினேன். ரஷ்யாவுக்குப் படிக்கப் போயிருந்தபோது அங்கே வடக்கே ஒரு ஊரில் நீனா என்ற அம்மாள் லேஸ் பின்னுவதைப் பார்த்ததைச் சொன்னேன். கிட்டே போய்க் குனிந்தேன். தலையை நிமிர்த்தாமல், “நிழல் விழுகிறது, தள்ளி நில்” என்றாள். மணி வார்க்கிறவன் அப்படிச் சொல்லியிருந்தால் அவனை மேதை என்று எழுதியிருப்பார்கள். அதையும் சேர்த்தே எழுதி அனுப்பினேன்.

22.10.2024

பதில் வந்தது. சமரசமாம். ‘திறமையான ஊசி வேலைப் பெண்கள்.’

திறமையான! ஐயா பெரிய மனசு பண்ணிவிட்டார்.

இருபத்தெட்டு வருடமாக பம்பு மோட்டார் கையேடு, மருந்துச் சீட்டு, ஒப்பந்தம் என்று மொழிபெயர்த்திருக்கிறேன். எதிலும் என் பெயர் கிடையாது. அட்டையில் என் பெயர் வரப்போகிற ஒரே புத்தகம் இது. இருந்தும் எழுதிவிட்டேன்: அந்தச் சொல் திரும்பி வராவிட்டால் என் பெயரை எடுத்துவிடுங்கள்.

அனுப்பியதை மறுபடி திறந்து படித்தேன். எழுதியிருக்க வேண்டாமோ? இல்லை. எழுதினதுதான் சரி.

4.11.2024, திங்கள்

சின்னான் பூச்சை முடித்தார். கடைசிச் சுவரை நின்று பார்த்தேன். மயிலம்மாள் சாரத்தின் மேல் பூச்சுக் கரண்டியோடு நின்றாள். கீழே சின்னான் கலவை குழைத்துச் சட்டியில் ஏற்றிக் கொடுத்துக்கொண்டிருந்தார். ஓரிடத்தில் அவளுக்குப் பிடிக்கவில்லை. வழித்துப் போட்டுவிட்டு மறுபடி பூசினாள். சுவர் பலகை மாதிரி சமமாக வந்திருக்கிறது. சின்னானுக்கு நல்ல கை.

லண்டன் மௌனம்.

18.11.2024, திங்கள்

காலையில் புது அறையில் பால் காய்ச்சினோம். அக்கம்பக்கத்தாரும், இதே மலையில் குண்டூர் நாட்டிலிருந்து இவருடைய சிநேகிதர் அண்ணாமலையும் வந்திருந்தார்கள். வழக்கப்படி வேலை செய்தவர்களுக்குத் தட்டு வைத்துக் கொடுத்தேன். சின்னானுக்கு வேட்டி துண்டு. மயிலம்மாளுக்கு ரவிக்கைத் துணி, மஞ்சள், வெற்றிலை பாக்கு.

அவள் துணியைக் கையில் வைத்துக்கொண்டே கேட்டாள்.

“ஏனுங்க அக்கா, வேட்டி கொத்தனாருக்குத்தானுங்க?”

“ஆமாம்.”

“அப்ப அது எனக்கு வரோணுமுங்க. செங்கல்லு கட்டுனது இவரு. செவுரு நாலும் பூசுனது நானுங்க.”

சண்டைக்குக் கேட்கவில்லை. நேரம் எத்தனை என்று கேட்கிற குரல்தான். சின்னான் சிரித்தார். “நெசந்தானுங்க. பூச்சு வேலையில நான் இவளுக்குச் சித்தாளுங்க. இவ கரண்டி புடிச்சுப் பன்னண்டு வருசமாச்சு. ஆனா தனியா ஒருத்தரும் கூப்புடறதில்லீங்க. பொம்பளைன்னா சித்தாளு, அவ்வளவுதான்.”

காபி கொண்டு வருகிறேன் என்று உள்ளே போய்விட்டேன்.

பிறகு இந்த நோட்டைப் புரட்டினேன். ‘சித்தாளாக அவர் மனைவி.’ என் கையெழுத்து. ‘சின்னான் பூச்சை முடித்தார்.’ அதுவும் என் கையெழுத்து. அடுத்த வரியிலேயே அவள் கரண்டியோடு நிற்கிறாள்! நான்தானே பாத்தேன், நான்தானே எழுதுனேன்? நாப்பத்தோரு இடத்தை எண்ணி எண்ணிக் கத்துனவளுக்குச் சொந்தச் செவுத்தை யாரு பூசுனான்னு தெரியலியே. லண்டன்காரனாவது நீனாவை நேர்ல பாத்ததில்ல. எனக்கு என்ன சாக்கு?

அந்த வரிகளை அடிக்கவில்லை. அப்படியே கிடக்கட்டும்.

19.11.2024

செம்மேட்டுக்குப் போய் இன்னொரு வேட்டி துண்டு வாங்கி மயிலம்மாளிடம் கொடுத்தேன். தப்பு என்னுடையது என்றும் சொன்னேன்.

“அட, இதை நான் கட்டிக்கிட்டா திரியறது?” என்று சிரித்தாள். ஆனாலும் வாங்கிக்கொண்டாள். “ஆராச்சும் இந்தச் செவுத்தைப் பாத்துட்டுக் கேட்டா என் பேரைச் சொல்லுங்க அக்கா. அது போதும்.”

அவளுடைய நம்பரை போனில் ‘கொத்தனார் மயிலம்மாள்’ என்று பதிந்தேன். அவளே எட்டிப் பார்த்துச் சரிபார்த்தாள்.

சாயங்காலம் பதிப்பாசிரியருக்குக் கடைசியாக ஒரு கடிதம். இந்தத் தவறு எப்படி நடக்கிறது என்று எனக்கு நன்றாகத் தெரியும், நேற்று நானே செய்தேன், திருத்த ஒரு நாள் போதும் என்று எழுதினேன்.

6.12.2024

‘வருந்துகிறோம். புத்தகம் அச்சுக்குப் போய்விட்டது. உங்கள் விருப்பப்படி உங்கள் பெயர் நீக்கப்பட்டது.’

என் விருப்பப்படியாம்.

இவர் மெயிலைப் படித்தார். எழுந்து போய் எனக்குக் காபி போட்டுக்கொண்டு வந்தார். சர்க்கரை போட மறந்துவிட்டார். குடித்தேன்.

27.1.2025, திங்கள்

தபாலில் புத்தகம் வந்தது. கனமான தாள், அழகான படங்கள். ஊசி வேலைப் பெண்கள் நாற்பத்தோரு இடத்திலும் குனிந்த தலை நிமிராமல் உட்கார்ந்திருக்கிறார்கள். அட்டையில் நான் இல்லை. கோபம் கொஞ்சமும் குறையவில்லை, குறைய வேண்டும் என்றும் இல்லை. அடுத்த பதிப்பிலாவது திருத்தச் சொல்லி இன்றே ஒரு கடிதம் எழுதப் பலா மரத்தடியில் உட்கார்ந்தேன்.

அப்போது அண்ணாமலை போன் செய்தார். புது வீட்டுக்குப் பூச்சு வேலையாம். “அன்னைக்குப் பாத்தனுங்க, உங்க செவுரு அத்தனை நேர்த்தி. அந்தக் கொத்தனாரு நம்பர் குடுங்க.” கொடுத்தேன்.

ஐந்து நிமிடத்தில் மறுபடி போன். “ஒரு பொம்பளை எடுக்குதுங்க. கொத்தனாரு இல்லீங்களா?”

“அவங்கதானுங்க கொத்தனார், மயிலம்மாள்.”

லைன் போய்விட்டதோ என்று பலா மரத்தைச் சுற்றி நடந்தேன்.

“அப்படீங்களா?” என்றார். “சரி, சித்தாளுக்கு அவங்க ஊட்டுக்காரரையே கூட்டிட்டு வரச் சொல்லுங்க.”

சொல்கிறேன் என்றேன்.