மருந்து ஊற்றாத சீசா

டாக்டரம்மா,

இன்று காலை பெட்டியில் இருந்ததையெல்லாம் வெயிலில் போட்டபோது என் மகள் அந்தச் சீசாவைக் கண்டெடுத்தாள். மண்ணெண்ணெய் ஊற்றி வைக்கட்டுமா என்று கேட்டாள். வெடுக்கென்று பிடுங்கிக்கொண்டேன். பிள்ளை திகைத்துப்போனாள். அவளுக்கு எப்படித் தெரியும்? நீங்கள் இருந்திருந்தால் சிரித்திருப்பீர்கள்.

அப்போதெல்லாம் டாக்டரிடம் போனால் மருந்துக்குச் சீசா நாம்தான் கொண்டுபோக வேண்டும். அதனால் சாம்பல் போட்டுக் கழுவி, தக்கை அடைத்து, மடியில் வைத்துக்கொண்டு வீட்டுக்காரரோடு ஆம்பூரில் ரயிலேறினேன். காட்பாடியில் இறங்கி, வேலூர் வரை ஜட்கா வண்டியில் குலுங்கிக்கொண்டு வந்தோம். சீசா உடைந்துவிடக் கூடாதே என்பதுதான் வழியெல்லாம் கவலை.

உங்கள் அறையில் என் நோவை என் வீட்டுக்காரரே சொல்லத் தொடங்கினார். தோல் பதனிடும் ஷாப்பில் மேஸ்திரி அல்லவா, ஆளை அதட்டுகிற அதே குரலில் சொன்னார். மூத்த பையன் காய்ச்சலில் போய்விட்டான், பிறகு பெண் பிறந்தாள், அவளை இவள் கையால் தொடுவதில்லை என்றார். அது நிஜம். பால் கொடுக்க மாமியார்தான் குழந்தையை என் மடியில் வைப்பார். நான் இரண்டு கைகளையும் பின்னால் ஊன்றிக்கொள்வேன். ஆலங்காயத்திலிருந்து என் நாத்தனார் வந்து குழந்தையைத் தூக்கிப்போய் வளர்ப்பது என்று வீட்டில் பேசி முடித்துவிட்டார்கள். பால் மறந்ததும் வருவதாக அவரும் சொல்லி அனுப்பியிருந்தார்.

எல்லாம் கேட்டுவிட்டு அவரை வெளியே உட்காரச் சொன்னீர்கள். பாவம், அவர் முகம் சுண்டிப்போயிற்று. நான் நாடி பார்க்கக் கையை நீட்டினேன். நீங்கள் சீசாவை வாங்கி ஜன்னலில் வைத்தீர்கள். என் புடவையில் தோல் ஊறவைக்கிற ஆவாரம்பட்டை நாற்றம் அடிக்குமே என்று பிரம்பு நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருந்தேன். நன்றாகச் சாய்ந்து உட்காரச் சொல்லிவிட்டு, "பையன் பேர் என்னம்மா?" என்று கேட்டீர்கள்.

அவன் போன பிறகு எங்கள் வீட்டில் யாரும் அந்தப் பெயரை வாயில் எடுத்ததில்லை. துரை என்று சொன்னேன். அப்புறம் அழுதேன், பேசினேன், மறுபடி அழுதேன். கடிகாரம் அடித்ததும் நீங்கள் எழுந்துவிட்டீர்கள். "இன்னிக்கு இது போதும்மா. மிச்சத்த அடுத்த வியாழக்கிழம சொல்லு." எனக்கு வந்த கோபம்! ஒருத்தி அழுதுகொண்டிருக்கிறாள், இந்தம்மாவுக்குக் கடிகாரம் பெரிசாகப் போயிற்றா என்று இருந்தது.

வீட்டுக்காரர் வாசலிலேயே, நான் என்ன சொன்னேன் என்று உங்களைக் கேட்டார். அது எங்கள் இருவருக்குள் உள்ள பேச்சு, தோன்றினால் அவளே சொல்லுவாள் என்றீர்கள். ரயிலில் அவருக்கு ஆறவில்லை. "மருந்தே குடுக்கல. இன்னாத்துக்கு இவ்ளோ தூரம்?" என்றார்.

முதலில் கொஞ்ச நாள் நோவு ஜாஸ்தியாவதுபோல இருக்கும் என்று நீங்கள் சொல்லி வைத்திருந்தீர்கள். அப்படியேதான் ஆயிற்று. அடுப்படியில் நின்றால்கூட அழுகை வந்தது. மாமியார் பயந்துபோய் தர்காவில் தாயத்து மந்திரித்து வந்து என் கையில் கட்டினார். திட்டுவீர்களோ என்று அதை முந்தானையில் மறைத்துக்கொண்டு வந்தேன். நீங்கள் பார்த்துவிட்டு, அதுபாட்டுக்கு இருக்கட்டும் என்றீர்கள்.

சில வாரம் வாயே திறக்காமல் உட்கார்ந்திருந்தேன். நீங்களும் விசிறிக்கொண்டு சும்மா இருந்தீர்கள். அப்படி ஒரு வியாழக்கிழமைதான் அந்தப் பேச்சு என் வாயில் வந்தது.

"என் கை ராசியில்லாத கைம்மா. அவன் என் கையிலதான் போனான். இவளயும் தொட்டா இவளும் போய்டுவா."

எல்லோரும் சொல்வதுபோல, அப்படியெல்லாம் இல்லை என்று நீங்களும் சொல்வீர்கள் என்று காத்திருந்தேன். நீங்கள் விசிறியைக் கீழே வைத்தீர்கள்.

"அந்தக் கை அவனுக்கு என்னல்லாம் செஞ்சுது? அதச் சொல்லு."

சொன்னேன். எண்ணெய் தேய்த்துக் காலில் போட்டுக் குளிப்பாட்டியது. பருப்புச் சோறு பிசைந்து ஊட்டியது. காது குத்தியபோது கண்ணைப் பொத்தியது. காய்ச்சலில் ஈரத்துணி மாற்றி மாற்றிப் போட்டது. போகும்போது என் சுண்டுவிரலை அவன் பிடித்திருந்தான், அதையும் சொன்னேன். நடுவில் கடிகாரம் அடித்தது. அன்றைக்கு ஒருநாள் மட்டும் நீங்கள் எழுந்திருக்கவில்லை.

உடனே ஒன்றும் நடந்துவிடவில்லை. வருவதும் போவதுமாக மழைக்காலம் கழிந்தது. ஒரு பகலில் நாத்தனார் ஆலங்காயத்திலிருந்து வந்துவிட்டார். குழந்தையின் துணிகளை மூட்டை கட்டிக்கொண்டிருந்தார். மாமியார் கிணற்றடியில் இருந்தார். தூளியில் குழந்தை வீறிட்டாள். நாத்தனார் எழுவதற்குள் நான் எழுந்துவிட்டேன். இரண்டு கைகளாலும் அவளைத் தூக்கினேன். அவள் கனமாக இருந்தாள், டாக்டரம்மா. இவ்வளவு கனம் என்று எனக்கு அதுவரை தெரியாது.

"மூட்டயப் பிரிச்சிடுங்க அண்ணி," என்றேன்.

அவர் மூட்டையைப் பிரித்தார். நாலு நாள் இருந்து, வயிறு நிறையச் சாப்பிட்டு, வெறுங்கையோடு சந்தோஷமாக ஊர் போனார்.

கடைசியாக வந்த அன்று சீசாவை நீங்களே எடுத்து என்னிடம் கொடுத்தீர்கள். அதில் கடைசிவரை ஒரு சொட்டு மருந்து ஊற்றவில்லையே என்று கேலி செய்தேன். நீங்களும் சிரித்தீர்கள்.

சாயங்காலம் மகள் கோபம் தணிந்து பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். அதில் என்ன இருந்தது என்று கேட்டாள். வெறும் சீசாதான் என்றேன். அப்புறம் முதல்முறையாக அவளுக்கு எல்லாவற்றையும் சொன்னேன். கேட்டுக்கொண்டே என் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். சொல்லி முடித்ததும், "தொர அண்ணன் யார் ஜாடைம்மா?" என்றாள்.

அவன் ஜாடையை இருட்டும்வரை சொல்லிக்கொண்டிருந்தேன்.