முதுகுக்குப் பின்னால் கேட்ட குரல்

கலேவெல

அன்புள்ள உம்மாவுக்கு ஸலாம். முழங்கால் வலி குறைந்ததா? நான் சுகம்.

கல் உடைக்கும் மெஷின் சத்தத்தில் காது போய்விட்டதென்று மெனேஜரிடம் முறையிட்டிருந்தேன். திங்கள் காலை பத்து மணிக்கு அவர் மெஷினை நிறுத்தி, என்னைச் சுவரைப் பார்த்து நிற்கச் சொன்னார். பின்னாலிருந்து பெயர் சொல்லிக் கூப்பிடுவாராம். “சின்ன மகன்” என்று தெளிவாகக் கேட்டது. திரும்பினேன். காதில் பிழையில்லை என்று எழுதிவிட்டார்.

பக்கத்தில் நின்ற இப்திகார் பிறகு ஒரு தாளில் எழுதிக் காட்டினான்: “நீ திரும்பக்குள்ள அவர் இன்னம் வாயே தொறக்கல்லடா.”

மெனேஜர் எழுதிய தாளில் நான் கையெழுத்துப் போடவில்லை. நாளை தொழில் காரியாலயத்தில் முறையிடப் போகிறேன், யோசிக்காதீர்கள். கருஞ்சீரக எண்ணெய் கொஞ்சம் அனுப்புங்கள். போனில் உங்கள் குரல் விளங்குவதில்லை, எழுதுங்கள்.

உங்களைத் தவிர யாரும் என்னைச் சின்ன மகன் என்பதில்லை. திங்கள் பத்து மணிக்கு என்னைக் கூப்பிட்டீர்களா?

அவசரத்தில்,
நப்லான்