இழுவைப் போட்டி வீரர்

வெள்ளிக்கிழமை இரவு

கோபம் ஆறவில்லை. வாழ்நாளெல்லாம் டிராக் ரேஸ் எனும் நேர்ப்பாதை வேகப் போட்டியில் கார் ஓட்டிய பெரியப்பா இன்று எங்கள் பாடசாலையில் பேச வந்தார். ஆங்கிலத்தில் டிராக் (drag) என்றால் இழுவைதானே என்று தமிழ் டீச்சர் அவரை "இழுவைப் போட்டி வீரர்" என்று அறிமுகப்படுத்தினார்.

"அங்கிள், கயிறு இழுக்கிறனீங்களோ?" என்று ஒருத்தி கேட்க, மண்டபமே சிரித்தது.

"ஓம் மகள், இழுத்து இழுத்துத்தான் முதுகு போச்சுது," என்றார் பெரியப்பா.

அது கார் புரண்டு முறிந்த முதுகு. அந்த விபத்தைப் பற்றி முதல்முறையாக வாய் திறக்கத்தான் அவர் வந்திருந்தார். அதைச் சொல்லாமலே மேடையிலிருந்து இறங்கிவிட்டார்.

ஓட்டோவில் நான் அழுதேன். "விடு பிள்ளை, நல்லாச் சிரிச்சுதுகள்தானே," என்றார்.

டீச்சரைவிட எனக்கு அவர்மேல்தான் கோபம். ஒரு தடவை "இல்லை" என்று சொல்லியிருக்கலாம்.