சனிக்கிழமைச் சம்பந்திகள்

ஜனவரி 11, சனி

பதினான்காம் எண் பேருந்தின் ஏழாவது நிறுத்தம். சாக்லேட் கஃபே.

சூடான சாக்லேட்டைக் குடிக்கக் கொடுத்தார்கள் என்று சொல்ல முடியாது, தின்னக் கொடுத்தார்கள். கரண்டியை நட்டால் நிற்கிறது. கோப்பையை வாயருகே கொண்டுபோனதும் என் கண்ணாடி முழுக்க ஆவி. முப்பது வருடமாக ஊருக்கெல்லாம் கண்ணாடி மாட்டிவிடுகிறவள், என்னுடையதைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு, எதிரே யார் இருக்கிறார்கள் என்றுகூடத் தெரியாமல் குடித்தேன். சுகமாக இருந்தது.

எதிரே இருந்தது சம்பந்தி. என் மகளின் மாமியார். இருபத்தேழு வருடம் நகரப் பேருந்து ஓட்டியவர். வண்டி ஓடுகிற நேரத்தில் இருக்கையை விட்டு இறங்கக் கூடாது, இருக்கையில் உட்கார்ந்து எதையும் வாயில் போடவும் கூடாது என்று சட்டம். ஆகவே ஊரில் உள்ள இனிப்புக் கடைகளை எல்லாம் பேருந்துக் கண்ணாடிக்கு இந்தப் பக்கமிருந்தே பார்த்து வயிறெரிந்திருக்கிறார். போன ஏப்ரலில் ஓய்வு பெற்ற மறுநாளே ஒரு நோட்டுப் போட்டுவிட்டார். பேருந்து எண், நிறுத்தம், கடை. எழுதிய வரிசைப்படியே முடிக்க வேண்டுமாம். துணைக்கு நான். இனிப்பு வாரத்தில் ஒரு நாள் மட்டும் என்று என் டாக்டர் சொல்லியிருக்கிறார். அந்த ஒரு நாளை நான் வீணாக்குவதாக இல்லை.

கடைசித் துண்டு பிரவுனி தட்டிலேயே கிடந்தது. நீங்க எடுத்துக்கங்க சம்பந்தி, ஐயோ நீங்க எடுத்துக்கங்க சம்பந்தி, என்று ஐந்து நிமிடம் ஓடியது. பரிமாறுகிற பெண் பொறுத்துப் பார்த்துவிட்டுத் தட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். ஒவ்வொரு வாரமும் இதே கூத்து. பெண் கொடுத்த இடம், பெண் எடுத்த இடம் என்று அப்படி ஒரு மரியாதை.

ஜனவரி 14, செவ்வாய்

என் கண்ணாடிக் கடையில் மூச்சுவிட நேரமில்லை. ஒருவர் தன் கண்ணாடியின் மேலேயே உட்கார்ந்துவிட்டு, அது தானாக வளைந்துவிட்டது என்கிறார்.

ஜனவரி 18, சனி

இன்று ஒன்பதாம் எண். சிக்னலுக்குப் பக்கத்தில் இருக்கிற பான்கேக் கடை. சாலையைப் பார்த்த ஜன்னலுக்குப் பின்னால் பெரிய இரும்புக் கல், அதன் முன்னால் நரைத்த மீசைக்காரர் ஒருவர் மாவை ஊற்றித் திருப்பிக்கொண்டே இருக்கிறார்.

சிவப்பு விழுந்தால் நாற்பது வினாடி, அந்த நாற்பது வினாடியில் இவர் மூன்று பான்கேக் திருப்புவார் என்று சம்பந்தி சொன்னார். இத்தனை வருடத்தில் ஒரு தடவைகூட அவர் தலையை நிமிர்த்திப் பார்த்ததில்லையாம். அதில் கொஞ்சம் வருத்தம்கூட.

தட்டை அவரே கொண்டுவந்து வைத்தார். மூன்று அடுக்கு, மேலே வெண்ணெய் உருகி நாலா பக்கமும் வழிகிறது. சம்பந்தியின் முகத்தை ஒரு தரம் பார்த்தார்.

"ஒன்பதாம் நம்பர்தானே நீங்க? பச்சை விழுந்தாலும் எடுக்க மாட்டீங்க. பின்னாடி எல்லாரும் ஹாரன் அடிப்பாங்க. எனக்குச் சிரிப்பு வந்து மாவு சிந்திடும்."

சம்பந்தி காது வரைக்கும் சிவந்துவிட்டார். ஐம்பத்தொன்பது வயதில் ஒருத்தர் இப்படி வெட்கப்பட்டு இன்றுதான் பார்க்கிறேன். வெளியே வந்ததும், "பாத்துக்கிட்டுதான் இருந்திருக்கான்" என்றார். வீடு வரும் வரை அதையே நாலு முறை சொன்னார்.

சம்பந்தியைப் போலவே நானும் தனி ஆள், என் கணவர் போய் ஒன்பது வருடம் ஆகிறது. நடுவில் எத்தனையோ சனிக்கிழமைகள் துணி துவைத்தே கழிந்தன. இப்போது வியாழக்கிழமையே எனக்குச் சனிக்கிழமை வந்துவிடுகிறது.

ஜனவரி 21, செவ்வாய்

மகளும் மாப்பிள்ளையும் வந்தார்கள். மாப்பிள்ளைக்கு வேலை மாற்றம். விமானத்தில் ஆறு மணி நேரம் போக வேண்டிய ஊர். மார்ச்சில் கிளம்புகிறார்கள். ஜூனில் மகளுக்குப் பிரசவம்.

பிறகு மகள் கேட்டாள்: "நீங்களோ அத்தையோ, யாராவது ஒருத்தர் எங்களோட வந்து ஒரு வருஷம் இருக்கணும்மா. அங்க ஒரே ஒரு ரூம்தான் எக்ஸ்ட்ரா இருக்கு."

ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. சம்பந்தியைக் கூட்டிக்கொண்டு போங்கள், அவர் ஓய்வு பெற்றவர், எனக்குக் கடை இருக்கிறது, அவருக்கும் பேரப்பிள்ளை ஆசை இருக்காதா என்று மளமளவென்று சொல்லிவிட்டேன். எவ்வளவு பெரிய மனசு! எனக்கே என்னைப் பார்த்துப் பெருமையாக இருந்தது.

அவர்கள் போன பிறகு கோப்பைகளைக் கழுவும்போதுதான் உறைத்தது. சம்பந்தி போய்விட்டால் சனிக்கிழமை?

ஜனவரி 25, சனி

சாக்லேட் ஃபாண்ட்யூ. சின்ன மெழுகுவத்தி, அதன் மேல் சின்னச் சட்டி, உள்ளே உருகிய சாக்லேட், தோய்த்துத் தின்னப் பழத்துண்டுகள். விஷயத்தை நான் எடுக்கவில்லை. சம்பந்தியும் எடுக்கவில்லை. "அங்கெல்லாம் ரொம்பக் குளிராமே" என்றார். ஆமாம் என்றேன். அவர் ஸ்ட்ராபெர்ரியைச் சட்டிக்குள்ளேயே தவறவிட்டுவிட்டு அதை எடுக்கக்கூட இல்லை.

மனதுக்குள் பெட்டி கட்ட ஆரம்பித்துவிட்டார் போலிருக்கிறது.

ஜனவரி 29, புதன்

மகள் போனில். அத்தை சொல்கிறாராம் — பிரசவ நேரத்தில் பெண்ணுக்குப் பெத்த அம்மாதான் பக்கத்தில் இருக்க வேண்டும், அம்மாவையே கூட்டிக்கொண்டு போங்கள், அவருக்கும் உள்ளுக்குள் அந்த ஆசைதான் என்று.

எனக்கு ஆசையா? நான் எப்ப சொன்னேன்? யாருகிட்ட சொன்னேன்? ஏன் இந்தம்மாவுக்கு என்னை இங்கிருந்து கிளப்பணும்னு இத்தனை அவசரம்? நோட்டுல மிச்சம் இருக்கிற கடைக்கெல்லாம் வேற துணை கெடச்சிருச்சோ? அந்த மீசைக்காரரோ?

சரி, இது அதிகம். ஆனால் கோடு போட்டு அடிக்கவில்லை, எழுதி வைத்தது எழுதி வைத்ததுதான்.

பிப்ரவரி 1, சனி

கடையில் ஆள் இல்லை, வர முடியாது என்று சம்பந்திக்குச் செய்தி அனுப்பினேன். கடையில் எல்லாரும் இருந்தார்கள். வீட்டில் டீயில் நாலு பிஸ்கட் தோய்த்துத் தின்றேன். மூன்றாவது உடைந்து உள்ளே விழுந்தது.

பிப்ரவரி 8, சனி

இன்று சாக்குச் சொல்வது சம்பந்தியின் முறை. முழங்கால் வலியாம். இருபத்தேழு வருடம் பிரேக் மிதித்த முழங்காலுக்கு இந்தச் சனிக்கிழமை பார்த்துத்தான் வலி வரவேண்டுமா?

எனக்கு என்ன வேண்டும் என்று இங்கே எழுதினால் யார் படிக்கப்போகிறார்கள்? எழுதுகிறேன். எனக்குப் போக வேண்டாம். மகள் மேல் உயிர்தான். பிறக்கப்போகிற குழந்தையை நினைத்தாலே நெஞ்சு நிறைகிறது. ஆனாலும் என் கடை, என் வீடு, என் சனிக்கிழமை, எதிரே சம்பந்தி, நடுவில் ஒரு தட்டு, இது எனக்கு வேண்டும். பெத்த தாய் இதைச் சொல்லலாமா? சொன்னால் காறித் துப்ப மாட்டார்களா?

துப்பினால் துப்பட்டும் என்று எழுதப் பார்க்கிறேன், கை வரவில்லை.

பிப்ரவரி 13, வியாழன்

மத்தியானம் கடைக்கு யார் வந்தது? சம்பந்தி. வாடிக்கையாளர்கள் உட்காரும் பெஞ்சில், வரிசையில், கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு. கண் பரிசோதிக்க வேண்டுமாம். முறை வந்ததும் உள்ளே அழைத்துப் போனேன். விளக்கை அணைத்தேன், எழுத்துப் பலகை மட்டும் வெளிச்சமாக இருந்தது. லென்ஸ் மாற்றிப் பார்க்கிற இரும்பு பிரேமை அவர் மூக்கில் ஏற்றினேன். இதுவா, அதுவா, எது தெளிவு என்று வழக்கமாகக் கேட்பதைக் கேட்டேன். மூன்று வரி படித்தார். நாலாவது வரியில் நின்றுவிட்டார்.

"சம்பந்தி, ஒண்ணு சொல்வேன், தப்பா எடுத்துக்கக் கூடாது. எனக்கு அங்க போக இஷ்டமில்ல."

கையிலிருந்த லென்ஸை இருட்டில் தடவி மேசையில் வைத்தேன்.

"நீங்க என்னைப் போகச் சொன்னீங்கன்னு பையன் சொன்னான். ரெண்டு நாள் சாப்பாடு இறங்கல. இந்தம்மாவுக்கு நம்ம சலிச்சுப் போச்சுன்னு நினைச்சேன்."

என்னையும்தானே நீங்கள் போகச் சொன்னீர்கள் என்று கேட்டேன். ஒரே மகள், அவளைப் பிரிந்து நான் எப்படி இருப்பேன் என்று நினைத்துத்தான் விட்டுக் கொடுத்தாராம். நானும் அவருக்காகத்தான் விட்டுக் கொடுத்தேன் என்றேன். ஆக, தட்டில் கிடக்கும் கடைசித் துண்டு மாதிரி இந்த ஒரு வருடத்தை நாங்கள் மாறி மாறித் தள்ளிவிட்டிருக்கிறோம்.

"எனக்கும் போக இஷ்டமில்ல" என்றேன்.

சொல்லிவிட்டேன். சத்தமாக. கூரை இடிந்து விழவில்லை.

பேரப்பிள்ளையை விடப் பான்கேக் பெரிசா என்று நாலு பேர் கேட்பார்களே என்றார். அந்த நாலு பேருக்கும் கண் சரியில்லை, இங்கே அனுப்பிவையுங்கள் என்றேன். அவ்வளவுதான், குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். இரும்பு பிரேம் மூக்கிலிருந்து நழுவி, நல்ல வேளையாக மடியில் விழுந்தது. வெளியே காத்திருந்தவர்கள் என்ன நினைத்தார்களோ.

பவர் நிஜமாகவே கால் கூடியிருக்கிறது. புதுக் கண்ணாடி எழுதிக் கொடுத்தேன்.

பிப்ரவரி 16, ஞாயிறு

இருவருமாகப் போய் மகள் வீட்டில் உட்கார்ந்தோம். பேச வேண்டியதைப் பேருந்தில் ஒத்திகை பார்த்திருந்தோம். அங்கே போனதும் இருவருக்கும் மறந்துபோனது. கடைசியில் சம்பந்திதான், நாங்க ரெண்டு பேருமே வரல, கோவிச்சுக்காதீங்க என்று போட்டு உடைத்தார்.

மகளும் மாப்பிள்ளையும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். மாப்பிள்ளை தலையைச் சொறிந்தார். பிறகு மெதுவாக வெளியே வந்தது. அவருக்கு அங்கே நாலு மாதம் லீவு கொடுக்கிறார்களாம். குழந்தையைப் பார்த்துக்கொள்ள அக்கம்பக்கத்திலேயே இடம் பார்த்துவிட்டார்களாம். தாங்களே வளர்த்துப் பார்க்க ஆசையாம்.

"பின்ன எதுக்குடி எங்களைக் கேட்டே?" என்றேன்.

"கேக்காம போனா ரெண்டு பேருக்கும் மனசு கஷ்டப்படுமேன்னுதாம்மா."

நாலு பேர், ஆளுக்கொரு மரியாதை. யாருக்கும் வேண்டாத ஒன்றைத் தூக்கிக்கொண்டு ஒரு மாதம் அலைந்திருக்கிறோம்.

எல்லாரும் சிரித்தோம். நானும்தான். ஆனால் திரும்பி வரும்போது மனசு லேசாக வலித்தது. வேண்டாம் என்று சொல்லப் போனவள் நான்தான். அவர்களும் வேண்டாம் என்றே நினைத்திருந்தார்கள் என்றால் ஏன் வலிக்க வேண்டும்? சம்பந்தியும் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தார். உங்களுக்கும் அப்படி இருக்கிறதா என்று கேட்டேன். இருக்கிறது என்றார். அப்புறம் கொஞ்சம் பரவாயில்லை.

பிப்ரவரி 22, சனி

வெள்ளைச் சாக்லேட்டில் தோய்த்த பான்கேக், மேலே வறுத்த முந்திரிப் பருப்பு. மூன்று வாரப் பசி. கடைசித் துண்டைச் சம்பந்தி என்னைக் கேட்கவே இல்லை, குத்தி எடுத்து வாயில் போட்டுக்கொண்டார். பார்த்துக்கொண்டே இருந்தேன். அடுத்த வாரம் நான் முந்திக்கொள்வேன்.

மார்ச் 8, சனி

காலை விமானம். மகள் கட்டிக்கொண்டபோது அவள் வயிறு இடித்தது. அழ மாட்டேன் என்று சொல்லிவிட்டுப் போனேன். சொன்னது என்னவோ சொன்னேன்.

பேருந்தில் திரும்பும் வழியில் சம்பந்தி திடீரென்று மணியை அடித்தார். நோட்டில் இல்லாத ஒரு கடை. இரண்டு பேரும் கண்ணைத் துடைத்துக்கொண்டு ஆளுக்கொரு முழு அடுக்கு வாங்கினோம். சிரப் ஊற்றும்போது மறுபடி அழுதார். அழுதுகொண்டே, இது இன்னும் ஒரு நிமிடம் வெந்திருக்கலாம் என்றார். உண்மைதான்.

மே 3, சனி

ஒன்பதாம் எண் கடைதான் திரும்பவும். வரிசை வரிசை என்பாரே, இப்போது ஏன் திரும்பப் போகிறோம் என்று நான் கேட்கவில்லை. மீசைக்காரரின் கண்ணாடி இடது பக்கம் தொங்குகிறது. கழற்றி வாங்கி நிமிர்த்திக் கொடுத்தேன். சம்பந்தி என் காலை மிதித்தார்.

ஜூன் 10, செவ்வாய்

பெண் குழந்தை. இரண்டே முக்கால் கிலோ. மூக்கு எங்கள் வீடு. சம்பந்தி போனில், மூக்கு அவர்கள் வீடு என்கிறார். கண்ணாடி சரியில்லை போல.

ஜூன் 28, சனி

இன்று சாக்லேட் கஃபே. தட்டு வந்து இரண்டு வாய்கூட ஆகவில்லை, மகள் வீடியோவில் கூப்பிட்டாள். முடி கலைந்து, கண்ணெல்லாம் வீங்கி, பின்னால் குழந்தையின் அழுகை. மாப்பிள்ளை தோளில் போட்டு நடந்துகொண்டிருந்தார், அவர் சட்டையைத் திருப்பிப் போட்டிருந்தார்.

"அம்மா, முடியலம்மா. வாங்கம்மா. அத்தையும் வரட்டும். ரெண்டு பேரும் வாங்க."

ஒரு அறைதானே இருக்கிறது என்று கேட்டேன்.

"ஹால்ல படுத்துக்கங்க, எங்கயாவது படுத்துக்கங்க, வந்தா போதும்."

இந்த முறை யாரும் யாருக்கும் விட்டுக் கொடுக்கவில்லை. நான் சம்பந்தியைப் பார்ப்பதற்குள் அவர் கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு எழுந்துவிட்டார். தட்டை அப்படியே விட்டுவிட்டு வந்துவிட்டோம். கடைக்கு மூன்று வாரம் லீவு சொன்னேன். திங்கட்கிழமை போகிறோம்.

டிக்கெட் போடுகிறவரிடம் திரும்பி வரும் நாளைச் சம்பந்திதான் சொன்னார். சனிக்கிழமைக்கு விலை குறைவு என்று அந்தத் தம்பி எத்தனை சொல்லியும் கேட்கவில்லை.

"வெள்ளிக்கிழமையே போடுங்க தம்பி" என்றார். "சனிக்கிழமை எங்களுக்கு இங்க வேலை இருக்கு."