ஐந்தில் ஒரு பங்கு

லண்டன்
12.1.2025

அன்புள்ள அண்ணாவுக்கு,

இங்கே குளிர்தான், மற்றபடி சுகம். நைனா எனக்கு எழுதிவைத்த நம் நண்டுக் கம்பெனிப் பங்கை மகள் காவியாவுக்குக் கொடுக்க நினைக்கிறேன். அதற்கு மதிப்புப் போட்டு இங்கே வரி கட்ட வேண்டும்.

"மொத்த மதிப்பில் ஐந்தில் ஒன்றுதானே?" என்றேன். கணக்காளர் இல்லை என்றார். சிறு பங்குக்காரரால் எதையும் முடிவு செய்ய முடியாது, வெளியார் வாங்கவும் தயங்குவார்கள். அதனால் குறைத்துத்தான் போடுவார்களாம். எனக்கு ஒரே ஆச்சரியம். பேச்சுக்கு மதிப்பில்லை என்றால் பங்குக்கும் மதிப்பு குறையுமா?

அவருக்கு எழுத்தில் பதில் வேண்டுமாம். லாபம் பிரிப்பது யார்? என்னைக் கேட்டு ஏதாவது நடந்ததா? கம்பெனியை யாராவது விலைக்குக் கேட்டார்களா? உள்ளபடி எழுது.

உன் தங்கை
பூவிழி

பழவேற்காடு
2.2.2025

அன்புத் தங்கைக்கு,

படித்ததும் கோபம் வந்தது. "என் தங்கச்சி பங்கைக் குறைக்க அவன் யாரு?" என்று கத்தினேன். உன் அண்ணி, "நீ என்னிக்காச்சும் தங்கச்சியைக் கேட்டுக்கினு செஞ்சியா? இன்னாத்துக்குக் கத்துற?" என்றாள்.

லாபம் பிரிப்பது நான். உன்னைக் கேட்டு எதுவும் நடந்ததில்லை. மூன்று வருடம் முன்பு தூத்துக்குடிக்காரர் ஒருவர் கம்பெனியையே கேட்டார். மாட்டேன் என்றேன்.

அண்ணன்
இளவழகன்

லண்டன்
20.2.2025

அண்ணா,

உன் கடிதத்தால் மதிப்பு பாதிக்குப் பாதி குறைகிறது. சந்தோஷப்பட முடியவில்லை. தூத்துக்குடிக்காரருக்கு நானும் மாட்டேன் என்றுதான் சொல்லியிருப்பேன். ஆனால் கேட்டிருந்தால் நானே சொல்லியிருப்பேன் அல்லவா?

பெரிய முடிவுகளுக்கு என் சம்மதமும் வேண்டும் என்று கம்பெனி விதியில் சேர்த்தால் மதிப்பு கூடுமாம், வரியும் கூடுமாம். கூடட்டும். சேர்ப்பாயா?

பூவிழி

பழவேற்காடு
5.4.2025

அன்புள்ள பூவிழிக்கு,

"வரியைக் கூட்டச் சொல்லி இதுவரைக்கும் யாரும் வந்ததில்லை" என்றார் நம் ஆடிட்டர். உன் அண்ணி விடவில்லை. விதியை மாற்றிவிட்டோம்.

பக்கத்துத் தோணிரேவில் நண்டு வைக்க இரண்டாவது குளிர் அறை கட்ட ஆசை. வங்கியில் பேசிவிட்டேன். கடன் காகிதம் இத்துடன் வைத்திருக்கிறேன், கையெழுத்துப் போட்டு அனுப்பு.

இளவழகன்

லண்டன்
24.4.2025

அன்புள்ள அண்ணாவுக்கு,

விதி மாறியதைப் படித்து அழுதுவிட்டேன். பங்கை இப்போதைக்கு நானே வைத்துக்கொள்கிறேன். காவியாவும் சரி என்றாள்.

காகிதம் வந்தது. இன்னும் கையெழுத்துப் போடவில்லை. இப்போது இருக்கும் அறை மழைக்காலத்திலாவது நிரம்புகிறதா? தோணிரேவில் கரண்டு நிற்காமல் வருமா? வங்கியிடம் பேசும் முன் ஏன் என்னிடம் பேசவில்லை?

கோபித்துக்கொள்ளாமல் பதில் எழுது. கோபித்துக்கொண்டாலும் எழுது.

உன் பங்காளி
பூவிழி